தவணையில் வந்த தையல் மெஷின்

ஆரணிப் பட்டுச் சேலையை முந்தி, உடல், கரை என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாலும் ஒரு தையல் அகப்படாது. பாவும் ஊடையும்தான். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று இருக்கும் கோர்வைச் சேலையில்கூட இரண்டும் சேரும் இடத்தைத் தறியிலேயே மூன்று நாடா ஓட்டிப் பிணைத்துவிடுகிறார்கள். ஆனால் சேலை தறியை விட்டு இறங்கியதும் ஊசியின் ராஜ்ஜியம் தொடங்கிவிடும். ஃபால்ஸ் வைக்க வேண்டும். ஓரம் அடிக்க வேண்டும். கூடவே வந்த ரவிக்கைத் துணியை வெட்டி, அளவு ரவிக்கையோடு டெய்லரிடம் கொடுத்துவிட்டு முகூர்த்தத்துக்கு முதல் நாள் வரை நடையாய் நடக்க வேண்டும்.

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருக்கும் பெரணமல்லூர் ஒரு சின்னப் பேரூராட்சி. 2006 தேர்தல் வரை சட்டமன்றத் தொகுதியாக இருந்து, மறுசீரமைப்பில் அந்தப் பெருமையை இழந்த ஊர். சுற்றிலும் நெல் வயலும் மல்லாட்டைக் கொல்லையும். இந்த வட்டாரத்தில் பட்டுத் தறி இருக்கும் தெருவை எண்ணிவிடலாம்; தையல் மெஷின் இல்லாத தெருவைத்தான் தேட வேண்டும். கடைத்தெருவில் ஆண் டெய்லர்களிடம் ஒன்று, வீட்டுச் சன்னலோரத்தில் பெண்களிடம் ஒன்று. கறுப்பு ஹெட்டு, தங்க நிற எழுத்து, கீழே இரும்பு ஸ்டாண்டு, மிதி, தோல் பெல்ட். எழுத்தில் மட்டும் வித்தியாசம்: சிங்கர், உஷா, மெரிட், ரீட்டா. ஒன்றின் பாபின் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டு இன்னொன்றிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் பொருந்திவிடும். ஸ்காட்லாந்திலும் கல்கத்தாவிலும் லூதியானாவிலும் பிறந்த பொருட்கள் ஒன்றுக்கொன்று உதிரி பாகம் கடன் கொடுத்துக்கொள்ளும் அளவுக்கு உறவான கதை, தையல் மெஷின் கம்பெனிகளின் வரலாற்றில் சுவையான பகுதி. அதில் மெஷினைக் கண்டுபிடித்தவர்களுக்குச் சின்ன வேடம்தான். தவணையில் விற்றவரும் பழுது பார்த்தவரும்தான் கதையை நடத்திப்போகிறார்கள்.

நாடாவின் குட்டி

கை ஊசிக்குக் காது பின்னால் இருக்கும். மெஷின் ஊசிக்குக் காது கூர்முனையின் அருகில். மொத்த ரகசியமும் அந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது. மேல் நூலைச் சுமந்துகொண்டு ஊசி துணிக்குக் கீழே இறங்கி, லேசாக மேலே எழும்பும்போது நூல் சின்ன வளையமாகத் தொங்கும். கீழே காத்திருக்கும் ஷட்டில் தன் கூர் மூக்கால் அந்த வளையத்தைப் பிடித்து விரித்து, பாபின் நூலை அதன் வழியே கடத்திவிடும். இரண்டு நூலும் துணியின் நடுவயிற்றில் பூட்டிக்கொள்ளும். தறிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆரம்பகால மெஷின்களில் அந்த ஷட்டில் படகு வடிவத்தில் முன்னும் பின்னும் ஓடியது. தறியில் ஓடும் நாடாவின் குட்டி அது. எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் 1846 செப்டம்பரில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் அவர் வேலை பார்த்தது ஜவுளி ஆலை இயந்திரங்கள் செய்யும் பட்டறையில்.

ஹோவுக்கும் முன்னால் இரண்டு பேர். பிரான்சில் பார்த்தலெமி திமோனியே என்ற டெய்லர் 1830இல் காப்புரிமை பெற்று, பாரிஸில் 80 மெஷின்களோடு ராணுவச் சீருடை தைக்கும் கூடம் போட்டார். அடுத்த ஆண்டே பாரிஸ் டெய்லர்கள் கூட்டமாய் வந்து மெஷின்களை அடித்து நொறுக்கினார்கள். தொழில் போய்விடும் என்ற பயம். அந்த மனிதர் கடைசியில் ஏழையாகவே இறந்தார். இன்னொருவர் நியூயார்க்கின் வால்டர் ஹண்ட். ஹோவுக்குப் பத்து வருஷத்துக்கும் முன்பே நுனிக்காது ஊசியும் ஷட்டிலும் வைத்து மெஷின் செய்தவர், காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். தையல் வேலை செய்து பிழைக்கும் பெண்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று அவர் மகள் சொன்னதுதான் காரணம் என்கிறது பரவலாகச் சொல்லப்படும் கதை. அதே ஹண்ட் 1849இல் சின்னக் கம்பியை வளைத்து ஊக்கு செய்து, அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றார். சேலைக் கொசுவம் கலையாமல் இன்றைக்கும் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த ஊக்குதான். மெஷினுக்கு அவர் பெயர் யார் நினைவிலும் இல்லை.

ஐசக் மெரிட் சிங்கர் பிறகுதான் வருகிறார். நாடக நடிகர், கொஞ்சம் மெக்கானிக், நிறைய வாய்ச்சாலகம். 1850இல் பாஸ்டனில் ஒரு பட்டறைக்குப் போனவர், அங்கே ரிப்பேருக்கு வந்து கிடந்த வேறொருவரின் தையல் மெஷினைப் பார்த்தார். ஷட்டில் வட்டமாகச் சுற்றாமல் நேர்க்கோட்டில் ஓடட்டும், ஊசி நிமிர்ந்து நிற்கட்டும், துணி மேஜையில் கிடந்தபடி நகரட்டும் என்று மாற்றினார். 1851 ஆகஸ்டில் காப்புரிமை. ஹோவ் சும்மா இருப்பாரா? வழக்குப் போட்டார், ஜெயித்தார், சிங்கரிடம் பணம் கறந்தார். ஆளாளுக்கு ஒரு காப்புரிமையை வைத்துக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் கட்டிப்போட்ட சண்டை 1856இல் முடிந்தது. சிங்கர், வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் ஆகிய மூன்று கம்பெனிகளும் ஹோவும் சேர்ந்து காப்புரிமைகளை ஒரே பெட்டியில் போட்டு, மெஷின் செய்ய நினைக்கும் எல்லோரிடமும் வசூல் செய்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய ஏற்பாடு.

அதே 1856இல் சிங்கரின் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் செய்த காரியம் எந்தக் காப்புரிமையையும்விடப் பெரியது என்பேன். மெஷின் விலை 100 டாலருக்கும் மேல். நடுத்தரக் குடும்பத்தின் வருஷ வருமானத்தில் பெரும் பங்கை அது விழுங்கும். கிளார்க் வழி சொன்னார்: முதலில் ஐந்து டாலர் கொடு, மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போ, மிச்சத்தை மாதா மாதம் கட்டு. பெண் தைத்துச் சம்பாதிக்கும் பணமே தவணையை அடைத்துவிடும் என்பது கணக்கு. அந்த ஆண்டு சிங்கர் விற்றது 2,500 சொச்சம் மெஷின். இருபது ஆண்டு கழித்து, 1876இல், இரண்டரை லட்சத்துக்கும் மேல். வீடு வீடாகப் போய் விற்பவரே தவணையும் வசூலித்தார். எண்ணெய் எங்கே விடுவது, நூல் ஏன் அறுகிறது என்று சொல்லியும் கொடுத்தார். நம் ஊர்த் தண்டல்காரர் கையில் ஸ்பேனரும் எண்ணெய்க் குப்பியும் கொடுத்து அனுப்பியதுபோல.

இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் சேர்த்து இந்த வலையை விரித்தவர் பம்பாய் பார்சியான நஸர்வான்ஜி மேர்வான்ஜி பட்டேல். வேட்டியும் சேலையும் கட்டும் தேசத்தில் தையல் மெஷினுக்கு என்ன வேலை என்பது அமெரிக்கத் தலைமையகத்தின் கவலை. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகளாக இல்லாமல் டெய்லர்களாக இருந்தார்கள்; கோட்டும் சட்டையும் ரவிக்கையும் பரவப் பரவ அவர்கள் பெருகினார்கள். இலங்கையில் 1877இலேயே சிங்கர் கால் வைத்துவிட்டது. இன்று அங்கே சிங்கர் என்றால் ஃபிரிட்ஜ், டி.வி., கட்டில், பீரோ. தையல் மெஷினில் பழகிய தவணை எல்லாப் பொருளையும் தொடர்ந்து வந்துவிட்டது.

கிளைட்பேங்க்கில் வார்த்த இரும்பு

நம் பாட்டிமார் வீட்டுச் சிங்கர்களில் பெரும்பாலானவை அமெரிக்கச் சரக்கு அல்ல. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்தில் உள்ள கிளைட்பேங்க்கில், கில்போவி என்ற இடத்தில் 1885 வாக்கில் முழு வீச்சில் இயங்கத் தொடங்கிய ஆலையில் வார்த்தவை. இரும்பை உருக்கும் உலையிலிருந்து மரப்பெட்டி செய்யும் தச்சுக்கூடம் வரை எல்லாமே ஒரே வளாகத்தில். நடுவில் நாலு முகக் கடிகாரக் கோபுரம். ஆலைக்கென்றே ஒரு ரயில் நிலையம். ஆலை 1980இல் மூடப்பட்ட பிறகும் அந்த நிலையத்தின் பெயர் சிங்கர்தான். 1913இல் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் மெஷின்கள் அங்கிருந்து உலகெங்கும் போயின.

அந்த ஆலையில் 1911 மார்ச் மாதம் மரப்பெட்டிக்குப் பாலிஷ் போடும் ஒரு டஜன் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆளைக் குறைத்துவிட்டு, எஞ்சியவர்கள் தலையில் கூடுதல் வேலையைக் கட்டியதுதான் காரணம். சில நாளில் 11,000 பேர் வெளியே வந்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் போராட்டம் தோற்றது. முன்னின்றவர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தார்கள். நம் பக்கத்தில் தையல் மெஷின் என்றதும் பெண்ணின் சொந்தக் காலில் நிற்கும் வாழ்வு என்றே மேடையில் பேசுவார்கள். மெஷினைச் செய்த பெண்களின் வாழ்வையும் பேச்சில் சேர்த்துக்கொண்டால் நல்லது.

இந்த இடத்தில் காந்தி வருவார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். 1924இல், டெல்லியில், சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் அவரைப் பார்த்து, நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். சிங்கர் தையல் மெஷினை மட்டும் விதிவிலக்காக நிறுத்தினார் காந்தி. பயனுள்ள கண்டுபிடிப்புகள் சிலவற்றில் அதுவும் ஒன்று. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் செய்தது என்றார். மாணவர் விடவில்லை. அப்படியானால் அந்த மெஷினைச் செய்ய ஒரு பெரிய ஆலை வேண்டுமே? வேண்டும், ஆனால் அது அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்பது காந்தியின் பதில். அந்த மாணவர் ஜி. ராமச்சந்திரன். பிற்பாடு மனைவி டாக்டர் சௌந்திரம் அம்மாளோடு சேர்ந்து, கைத்தறிக்குப் பெயர்போன சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் 1947இல் காந்திகிராமத்தை நிறுவியவர்.

காந்தி கேள்விப்பட்ட கதை அழகானது. உண்மையான சிங்கரோ பல பெண்களோடு பல குடும்பம் நடத்தி, இருபதுக்கு மேல் பிள்ளைகள் பெற்று, விஷயம் அம்பலமானதும் நியூயார்க்கை விட்டே கிளம்பிய ஆசாமி. மனைவியின் விரல்வலி அவர் தூக்கத்தைக் கெடுத்ததாகத் தகவல் இல்லை. ஆனால் மாணவர் மடக்கிக் கேட்ட இரண்டாவது கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது: கைத்தொழிலுக்கான கருவியை யார் செய்வது, யார் லாபம் எடுப்பது?

உஷாவும் லூதியானாவும்

அந்தக் கேள்விக்கு இந்தியா இரண்டு விதமாகப் பதில் சொன்னது. ஒன்று கல்கத்தாவில். 1930களின் நடுவில் பிஷன் தாஸ் பேசில் என்பவர் அங்கே உள்நாட்டுத் தையல் மெஷினைச் செய்து காட்டினார். ஜெய் எஞ்சினியரிங் ஒர்க்ஸ் என்ற அந்தக் கம்பெனி தள்ளாடியபோது டெல்லி துணி ஆலை அதிபர் லாலா ஸ்ரீராம் கையில் எடுத்தார். பிராண்டு பெயர் உஷா. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதி இறுகியதும், சிங்கர் இருந்த இடத்தில் உஷா உட்கார்ந்தது. பிறகு ஃபேனிலும் புகுந்தது. எங்கள் தலைமுறைக்கு உஷா என்றால் முதலில் நினைவு வருவது மேலே சுழல்வதா, கீழே மிதிப்பதா என்பது வீட்டைப் பொறுத்தது. தொழிலாளர் சட்டம் படிப்பவர்களுக்கு அந்தக் கம்பெனி வேறு வகையில் பழக்கம்: 1967இல் வங்கத்தைக் கலக்கிய, நிர்வாகிகளைச் சூழ்ந்து மறிக்கும் கெரோ போராட்டங்கள் பற்றிக் கல்கத்தா உயர்நீதிமன்றம் அளித்த பேர்பெற்ற தீர்ப்பு, ஜெய் எஞ்சினியரிங் தொடுத்த வழக்கில் வந்தது. அன்வர் ஷா சாலையில் அந்த ஆலை நின்ற நிலத்தில் இன்று நிற்பவை சவுத் சிட்டி மாலும் அடுக்குமாடி வீடுகளும்.

இன்னொரு பதில் பஞ்சாபின் லூதியானாவில் கிடைத்தது. பெரிய ஆலை இல்லை, கடிகாரக் கோபுரம் இல்லை. சிங்கரைப் பிரித்துப் பழுது பார்த்த கைகள், கிடைக்காத பாகத்தைத் தாமே அடித்துச் செய்யப் பழகின. கொல்லரும் தச்சருமான ராம்கடியா சமூகத்துக் கைவினைஞர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மெல்ல ஒரு பட்டறை ஹெட்டை வார்த்தது, ஒன்று ஷட்டில் செய்தது, ஒன்று பாபின் கேஸ், ஒன்று பெயின்ட், ஒன்று ஸ்டாண்டு. யாரோ ஒருவர் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி ஒரு பெயர் ஒட்டினால் புது பிராண்டு. எல்லோரும் ஒரே சிங்கர் மாடல்களை அச்சாக வைத்துக்கொண்டதால்தான் பெரணமல்லூர் வீட்டுப் பாபின், பிராண்டு பார்க்காமல் பொருந்துகிறது. மலிவுச் சரக்கு என்று பெரிய கம்பெனிக்காரர்கள் மூக்கைச் சுளிக்கலாம். ஆனால் ஒரு பொருள் ஏழை வீட்டில் முப்பது வருஷம் உழைக்க வேண்டுமென்றால் அதன் உதிரி பாகம் பக்கத்து ஊர்க் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்க வேண்டும். அதைச் செய்து கொடுத்தது லூதியானாதான்.

ஜப்பானின் கதையும் வெகு தூரத்தில் இல்லை. இன்று உலகம் முழுக்க விற்கும் பிரதர் கம்பெனி, 1908இல் நகோயாவில் யாசுயி என்பவர் போட்ட தையல் மெஷின் ரிப்பேர் கடையாகத் தொடங்கியது. ஜூகி யுத்த காலத்தில் துப்பாக்கி செய்த கம்பெனி. தோற்றபின் அதே கடைசல் எந்திரங்களை வைத்துத் தையல் மெஷினுக்கு மாறியது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னை ஏற்றுமதி ஆலைகளிலும் வரிசை வரிசையாக நிற்கும் பவர் மெஷின்களில் ஜூகிக்குத் தனி மரியாதை. வேடிக்கை என்னவென்றால், அந்தத் திருப்பூரிலேயே நேர்த்தையல் போடுகிறவருக்கு இன்னமும் சிங்கர் டெய்லர் என்றுதான் பெயர். ஆள் தேவை போர்டில் ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்களோடு அவரையும் தேடுவார்கள்.

சிங்கர் கம்பெனியே என்ன ஆனது? விமானப் பயிற்சிக் கருவி, ராணுவத் தளவாடம் என்று கிளை பரப்பி, தையல் மெஷினை 1986இல் தனியே கழற்றிவிட்டது. அதை வாங்கிய செமிடெக் குழுமம் 1999இல் திவாலானது. 2006இல் சுவீடனின் வைக்கிங், ஜெர்மனியின் ஃபாஃப் என்ற இரண்டு பழைய போட்டியாளர்களோடு ஒரே கூரைக்குக் கீழ் சேர்க்கப்பட்டது. இப்போது அது முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கையில். தவணையைக் கற்றுக்கொடுத்த கம்பெனி கடனில் மூழ்கியதை என்னவென்று சொல்வது.

மிதியிலிருந்து பவருக்கு

ஆரணி வட்டாரத்துக்குத் தையல் மெஷின் வந்த வழிகளில் கடைத்தவணைக்கு அடுத்தது அரசு மேடை. நலத்திட்ட விழா என்றால் மூன்று சக்கர சைக்கிளும் இஸ்திரிப் பெட்டியும் தையல் மெஷினும் வரிசையில் நிற்கும். ஆதரவற்ற பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் சமூக நலத்துறை கொடுக்கும் இலவச மெஷின் திட்டத்துக்கு சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர். பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர்கள். நெசவுக் கூட்டுறவுகளிடமிருந்து துணி வரும். வெட்டிய துணி வீட்டுக்கு வரும். தைத்துக் கொடுத்தால் உருப்படிக்குக் கூலி. கூலி போதாது, அதுவும் தாமதமாக வருகிறது என்ற முணுமுணுப்பு மாநிலம் முழுக்க உண்டு. ஆனாலும் சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை கிராமத்தில் வேறு என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்கள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பத்துப் பதினைந்து ஆண்டாக வேறொரு பதில் அதிகாலையில் பஸ்ஸில் வருகிறது. செய்யாறு சிப்காட்டில், தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் ஃபுட்வேர் ஆலையில், நைக்கி ஷூக்கள் தயாராகின்றன. வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் செய்யாறு, வந்தவாசி, ஆரணிக் கிராமத்துப் பெண்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கத் தூண் மாதிரி அடிப்பாகம் உள்ள மெஷின். துணி மெஷினில் பழகியவர்களுக்கும் புதிதாகக் கற்க வேண்டிய வேலை. தறிக் குழியில் உட்கார்ந்த தாய்க்கு, ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய மகள். மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஜரிகையோடு மல்லுக்கட்ட அவளுக்கு என்ன தலையெழுத்து? பட்டு நெசவுக்கு ஆள் இல்லை என்று கவலைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஊருக்குள்ளேயே மிதி மெஷினின் இடம் சுருங்குகிறது. சீனத்து ஜாக் கம்பெனியின் வெள்ளை மெஷின் சின்னச் சின்ன டெய்லர் கடைகளிலும் ஏறிவிட்டது. மோட்டார் ஹெட்டுக்குள்ளேயே இருக்கிறது. சத்தம் குறைவு, கரண்டும் குறைவு, நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் போகும். காலால் மிதித்து அந்த வேகத்தில் கால்வாசியைக்கூட எட்ட முடியாது. ஒரு பண்டிகைக்கு இருபது ரவிக்கை கூடுதலாகத் தைக்கலாம் என்றால் வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. வாங்கும் வழி மட்டும் பழையதுதான்: மகளிர் குழுக் கடன் அல்லது கடைக்காரர் தவணை. மெக்கானிக்கின் பாடுதான் மாறிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரும் காதும் வைத்துக்கொண்டு நோயைக் கண்டுபிடித்தவர், இப்போது திரையில் ஒளிரும் பிழை எண்ணுக்கு அர்த்தம் தேடுகிறார். போர்டு போனால் அடித்துச் செய்ய முடியாது. புதுசு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிங்கர் கிடந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு துணியால் துடைத்து, அடிப்பலகையில் வலது கைப்பக்கம் பொறித்த எண்ணைப் பாருங்கள். முன்னால் எஃப் என்ற ஒற்றை எழுத்து இருந்தால் அது 1910 முதல் பத்தாண்டுக்குள் கிளைட்பேங்க்கில் பிறந்தது. ஒய் என்றால் 1921க்கும் 1935க்கும் இடையில். ஈயில் தொடங்கும் இரட்டை எழுத்து என்றால் 1935 அல்லது அதற்குப் பிறகு. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, மறுநாள் மெஷின் ஆயில் போட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். துருவேறி இறுகாவிட்டால் பெரும்பாலும் அசைந்துவிடும். ஊசியும் பாபின் கேஸும் லூதியானாச் சரக்கே போதும். அந்த மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சம் தருகிறேன் என்று யாராவது வந்தால் மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2009இல் சவூதி அரேபியாவில் இந்தப் புரளி கிளம்பி, பழைய சிங்கர்கள் நம்ப முடியாத விலைக்குக் கைமாறி, கடைசியில் போலீஸ் விசாரிக்கும்வரை போனது. உள்ளே இருந்தது எண்ணெய்ப் பிசுக்கும் நூல் தூசியும்தான்.